டேங்க் வெளியே இருந்த நாட்கள்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், யாருடைய பைக்கிலிருந்தோ பெட்ரோல் ஒழுகிக் கிடந்தது. வாட்ச்மேன் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். புனேயின் பாணேர் பகுதியில் எங்கள் கட்டடத்தில் இப்போது பாதிக் கார்கள் மின்சாரத்தில் ஓடுகிறவை. லிஃப்டுக்காக நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாம்பைக் கண்டது போல ஒதுங்கினார்கள். நான் மட்டும் கையில் கீரைக்கட்டோடு நின்று நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது மாடிப் பெண் ஒருத்தி என் தோளைத் தொட்டு, தலை சுற்றுகிறதா ஆன்ட்டி என்று இந்தியில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ஏன் நிற்கிறேன் என்று அவளுக்கு விளக்க எனக்கு வராது. இத்தனை வருஷமாகியும் என் இந்தி காய்கறிக் கடையைத் தாண்டிப் போகவில்லை.

மற்றவர்களுக்குப் பெட்ரோல் வாசனை என்றால் பங்க் நினைவுக்கு வரும், அல்லது அப்பாவின் ஸ்கூட்டர். எனக்கு என் மாமியாரின் சமையலறை. தாளிக்கிற கடுகு, வறுக்கிற மல்லி, அதற்கு மேலே படலம் போலப் பெட்ரோல். அந்த வீட்டில் நான் குடித்த முதல் காபியிலேயே அது இருந்தது. புது மருமகள் எப்படிச் சொல்வது? இந்த ஊர்ப் பாலே இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக் குடித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். புனே கேம்ப் பகுதியில் ஒரு பழைய பங்களா. சரிவான ஓட்டுக்கூரை, முன்பக்கம் மரக் கிராதி போட்ட வராந்தா. பங்களா என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்து, அந்தக் காலத்து வாடகைக்கு இருந்தார்கள். முன்பகுதியில் மாமா, அத்தை, நாங்கள். மாமா ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்பகுதியில் அவருடைய தம்பி, எனக்குச் சின்ன மாமா, பெயர் சண்முகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படங்கள் வரைகிற வேலை. குடும்பத்துக்கு ஊர் பொள்ளாச்சிப் பக்கம். ஆனால் அண்ணனும் தம்பியும் இளவட்டமாக இருந்தபோதே புனே வந்துவிட்டவர்கள். அவர்கள் தமிழில் கொங்கும் மராத்தியும் ஒரே தட்டில் பரிமாறியது போலக் கிடக்கும்.

வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மாமா கூப்பிட்டு, "கண்ணு, பின்னாடி போயி தண்ணி மோட்டர் போட்டாச்சான்னு கேட்டுட்டு வா" என்றார். போய்க் கேட்டேன். "போட்டாச்சுன்னு முன்னாடி சொல்லிரு அம்மிணி" என்றார் சின்ன மாமா. சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருமுவது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. இவ்வளவு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நான் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. முன்னாடி, பின்னாடி என்பவை அந்த வீட்டில் இடங்கள் அல்ல, ஆட்கள் என்று புரிவதற்குள் நான் அந்தச் சுவரைச் சுற்றி நிறைய நடந்துவிட்டேன். அதற்கு முன்னால் அந்த நடையை நடந்தது என் வீட்டுக்காரர். கல்யாணத்தில் அவருக்குக் கிடைத்த முதல் விடுதலை அதுதான். இரண்டாவது விடுதலையாக, வேலை செய்த கம்பெனி அவரைச் சில மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தது.

இரண்டு பகுதிக்கும் பொதுவாகப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் அந்தக் கார் நின்றது. இங்கிலாந்தில் செய்தது, இரண்டே இரண்டு ஸீட், மேலே கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூடுகிற கித்தான் மட்டும். கரும்பச்சை நிறம். நீளமான மூக்கு, உட்கார்ந்தால் தரையைக் கையால் தொடலாம். ஊரை விட்டுப் போன ஒரு ராணுவ அதிகாரியிடம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியதாம், இருவரும் ஒரே அறையில் ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட்ட காலத்தில். கணக்கு அலுவலக ஊழியருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்காதீர்கள். கல்யாணமாகி வந்த அன்றே அத்தையும் அதைத்தான் கேட்டாராம்.

சின்ன மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கிளப்பி, கேம்பைச் சுற்றி ஒரு சுற்று போய்விட்டு வந்து நிறுத்துவார். மாமா அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போவார். காரைப் பார்க்க மாட்டார். கொட்டகை வழியாகப் போனால் மூன்றடி மிச்சம் என்றாலும், மறுபக்கம் சுற்றிக்கொண்டுதான் கேட்டுக்குப் போவார்.

அந்த வருஷம் மழை முடிந்த பிறகு பெட்ரோல் வாசனை அதிகமானது. கொட்டகைக்கும் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே ஒரு சந்துதான். காருக்கு அடியில் செய்தித்தாளில் ஒரு ஈரவட்டம் தினமும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அத்தை ஒருநாள் அடுப்பைப் பற்றவைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணு அந்த டப்பா இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும். பத்திக்கிச்சுன்னா முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் புறப்பட்டேன்.

"டேங்க் ஒழுகுதம்மிணி. எனக்குத் தெரியும்" என்றார் சின்ன மாமா. "கழட்டோணும்."

எல்லாவற்றையும் தானே செய்கிறவர், அந்த டேங்கை மட்டும் அதுவரை கழற்றியதே இல்லை. மெக்கானிக்கையும் விட்டதில்லை. பெட்ரோல் போகும் பைப்பின் நடுவே ஒரு ஃபில்டரைச் செருகி, அதை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. பயந்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

சனிக்கிழமை ஆரம்பித்தார். நானும் போய் நின்றேன். எனக்கும் லீவு, போஸரியில் முலாம் பூசுகிற ஒரு பட்டறையின் ஆய்வகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அமிலமும் துருவுமே என் தொழில், ஆனால் ஒரு ஸ்பேனரைச் சரியான பக்கம் திருப்பத் தெரியாது. பாட்டரி வயரைக் கழற்றினார். பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் மரக்கட்டைகள் வைத்தார். டேங்கின் அடியில் இருந்த திருகைத் திறந்ததும், மிச்சமிருந்த பெட்ரோல் அலுமினியப் பேசினில் இறங்கியது. முதலில் தெளிவாக, கடைசியில் வரக்காபி நிறத்தில். பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயின் பட்டியைத் தளர்த்தினார். பம்புக்குப் போகும் பைப்பைப் பிரித்தார். பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்குப் போகிற வயரை உருவினார். மிச்சமிருந்தது டேங்கைக் காரோடு கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த இரண்டு இரும்புப் பட்டைகள். அவற்றின் நட்டுகள் துருவேறி ஒன்றாகிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு மறுநாள் வரை ஊறவைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, முதல் பட்டையின் போல்ட் திருகும்போதே முறிந்துவிட்டது. டேங்க் ஒரு பக்கமாகச் சரிந்தது. அடியில் மல்லாந்து படுத்திருந்த சின்ன மாமா இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டார். அப்புறம் ஸ்பேனரைப் பிடிக்கக் கை இல்லை, வெளியே வரவும் வழியில்லை. "அம்மிணி, உள்ள வா, அந்தப் பக்கத்து நட்டக் கழட்டு" என்று கத்தினார். நான் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நுழைந்தேன். முகத்தில் துரு கொட்டியது. எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இன்னும் இறுக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அப்போது சின்ன மாமா, "காலி, காலி" என்றார்.

"ஆமாங்க, காலிதான். நேத்தே எல்லாம் எடுத்துட்டோமே" என்றேன்.

மராத்தியில் காலி என்றால் கீழே என்று அர்த்தம். எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அவர் கையைக் கீழே கொண்டுவரச் சொல்ல, நான் டேங்கில் ஒன்றும் இல்லை என்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வராந்தாவிலிருந்து பார்த்த மாமாவுக்குத் தெரிந்தது காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மருமகளின் இரண்டு கால்கள் மட்டும். அவர் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. எத்தனையோ வருஷமாகச் சுற்றிப் போன கொட்டகைக்குள் அது நேராக வந்து நின்றது.

"கண்ணு, வெளிய வா."

"மாமா, நட்டு..."

"வெளிய வான்னு சொல்றனில்ல. ஊட்டுக்கு வந்த புள்ளயக் காருக்கடியில படுக்கப் போட்டுட்டு வேடிக்கையா பாக்கறது?"

யாரைச் சொன்னார் என்று கேட்க ஆளில்லை. நான் வெளியே வந்தேன். மாமா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு தரையில் உட்கார்ந்து, முனகிக்கொண்டே முதுகைச் சாய்த்து உள்ளே போனார். ஸ்பேனர் சத்தம் கேட்டது. அப்புறம் "காலி" என்று ஒரு குரல். "ஹளூ, ஹளூ" என்று இன்னொரு குரல், மெதுவாக மெதுவாக என்று. மறுபடியும் "காலி". யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் டேங்கோடு பேசுவது போலத்தான் இருந்தது. ஆனால் டேங்க் நேராக இறங்கியது.

அதை வெயிலுக்கு இழுத்து வந்தார்கள். தட்டையான, கறுத்த இரும்புப் பெட்டி. அடிமடிப்பு நெடுகிலும் அரித்து ஊசிக்கண் ஓட்டைகள். சின்ன மாமா மேல்மூடியைக் கழற்றி, டேங்கைக் கவிழ்த்துக் குலுக்கினார். விரித்த செய்தித்தாளில் பழுப்புச் செதில்கள் விழுந்தன. மறுபடியும் குலுக்கினார். இன்னும் கொஞ்சம் செதில். மாமா குந்தி உட்கார்ந்து அவற்றை ஒரு விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார். அரிசியில் கல் தேடுகிற மாதிரி. துணியோ, கல்லோ, யாராவது வேண்டுமென்றே போட்ட ஏதாவதோ கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. விரல் நுனியில் ஒட்டியதைக் கட்டைவிரலால் நசுக்கினார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

சின்ன மாமா டேங்கைக் கீழே வைத்தார். தன்னைத்தான் கேட்கிறாரா என்று அவருக்குச் சந்தேகம். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாமாவின் சட்டையை மடித்தேன்.

"இவ்வளவுதானுங்கண்ணா" என்றார். "வெறும் துரு."

உள்ளே ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன், பேசிவிட்டார்கள் என்று. அத்தை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். எண்ணெயிலிருந்த அப்பளம் கருகும் வரை அப்படியே நின்றார். அன்றைக்குத்தான் எனக்கு முழுக்கதையும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போகிற வயதில் நடந்தது. ஊரில் மாமாவின் அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வரவும் என்று ஆபீசுக்கு டிரங்க் கால் வந்திருக்கிறது. ரயிலில் போனால் மாறி மாறி ஏறி எப்போது போய்ச் சேர்வது, காரில் போய்விடலாம் என்று சின்ன மாமா சொன்னார். கோலாப்பூர், பெல்காம், பெங்களூர், சேலம் என்று விரட்டினால் போய்விடலாம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பெல்காம் தாண்டியதும் கார் நின்றது. டேங்கில் இருந்த கசடு வந்து பைப்பை அடைத்திருக்கிறது. ஊதிவிட்டுக் கிளப்பினார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. அப்படியே நின்று நின்று, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, ஒரு பங்காளி கொள்ளி வைத்துவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தாராம். மூத்த மகன் வாசலில் போய் நின்றிருக்கிறார், கையில் கிரீஸோடு.

"பஸ்ஸுல திரும்பி வந்தாரு. வந்தவரு அதுக்கப்பறம் தம்பிகூட ஒரு வார்த்த பேசல" என்றார் அத்தை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆனா கண்ணு, காருல போலாம்னு சண்முகம் சொன்னப்ப, மொதல்ல ஓடிப்போயி ஏறி உக்காந்தது இவுருதான். நாஞ் சன்னல்ல இருந்து பாத்தனே. இவுருக்குத்தான் அந்தக் காரு மேல உசுரு" என்றார்.

டேங்க் வெளியே இருந்த நாட்கள் அதற்குப் பிறகு வந்தவை. அவை எத்தனை நாள் என்று நான் எண்ணி வைக்கவில்லை. எண்ணியிருக்கலாம்.

ஒழுகல் அடைக்கப் பவானி பேட் கடைத்தெருவில் ரேடியேட்டர் ரிப்பேர் செய்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோக வேண்டும். மாமா தன் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் சின்ன மாமா, நடுவில் டேங்க். ஒரு கையால் டேங்கையும் இன்னொரு கையால் அண்ணனின் தோளையும் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிர்வீட்டு தேஷ்பாண்டே அம்மா பால் வாங்க வந்தவர், பாத்திரத்தோடு கேட்டருகே அசையாமல் நின்றுவிட்டார். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் அவர் அதுவரை பார்த்ததில்லை. கடைக்காரர் பற்றவைக்கும் முன் டேங்கில் தண்ணீர் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆவி வெடித்துவிடும் என்று மாமா அங்கே சத்தம் போட்டாராம். அதைத் திரும்பி வந்து சின்ன மாமா என்னிடம் சொன்னார். "அண்ணன் அங்க ஒரே ரகளை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அண்ணன் தங்கப்பதக்கம் வாங்கியது போல.

உள்ளே இருந்த துருவுக்கு என் பங்கு. ஆய்வகத்தில் கேட்டு பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சம் வாங்கி வந்து, தண்ணீர் கலந்து ஊற்றினேன். கூடவே ஒரு பிடி ஜல்லி. டேங்கின் வாய்களையெல்லாம் கட்டையால் அடைத்துவிட்டு, டேங்கை ஒரு பழைய போர்வையில் வைத்து, அண்ணன் ஒரு முனையும் தம்பி ஒரு முனையும் பிடித்து ஆட்டினார்கள். உள்ளே ஜல்லி சலசலவென்று உருண்டது. "ஆராரோ பாடுங்க" என்றேன் நான், வாய் சும்மா இராமல். சின்ன மாமா சிரித்தார். மாமா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், போர்வையை விட்டுவிடப் போனார். என் வீட்டுக்காரர் அன்று போன் செய்தபோது இதைச் சொன்னேன். "அப்பாவா? சித்தப்பா கூடவா?" என்று கேட்டுவிட்டு, "உனக்கு அந்த ஆசிட் வாசனை தலைக்கு ஏறிருச்சு" என்றார்.

நான் கேட்ட வரைக்கும் அவர்கள் டேங்கைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். பட்டைக்கு அடியில் என்ன ரப்பர் வைப்பது, எந்தக் கறுப்புப் பெயிண்ட் பெட்ரோலுக்குத் தாங்கும், போல்ட் எங்கே கிடைக்கும். அந்த இங்கிலீஷ் அளவு போல்டுக்காகக் கடைகடையாக அலைந்தார்கள். காலையில் மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சண்முகா, காஞ்சிருச்சா பாரு" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிடுவார். "இன்னொரு கை அடிக்கோணுமுங்கண்ணா" என்று சுவர் பதில் சொல்லும். எனக்கு வேலை போய்விட்டது. ஒருவிதத்தில் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மாட்டுவதற்கு எல்லாம் தயாரானபோது ஒரு பொருள் காணாமல் போனது. டேங்கின் மேல்மூடிக்கு அடியில் வைக்கிற தக்கை வளையம். அது இல்லாமல் மூடினால் மறுபடியும் கசியும். அதை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில்தான் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் வீடு முழுக்கத் தேடினார்கள், ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டே. அந்தக் குற்றம் சொல்லலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு தக்கைத் தகடு வாங்கி வந்து, மேஜையில் விரித்து, தாங்களே வெட்ட உட்கார்ந்தார்கள். சின்ன மாமா காம்பஸ் வைத்து வட்டம் போட, மாமா பிளேடால் வெட்ட, முதல் வளையம் கிழிந்துபோக, "பிளேடு புடிக்கிற லட்சணத்தப் பாரு" என்று தம்பி மரியாதையை மறந்து சொல்ல, மாமா அதைக் கேட்காதது போல இரண்டாவதை வெட்ட, சாயங்காலம் வரை போனது. அத்தை பஜ்ஜி சுட்டுக் கொண்டுவந்து வைத்தார். இன்னொரு தட்டும் வந்தது.

மறுநாள் அத்தை அலமாரியில் புடவைகளுக்கு நடுவிலிருந்து எதையோ எடுத்து என்னிடம் காட்டினார். கடையில் வாங்கிய தக்கை வளையம்.

"அத்தை!"

"சத்தம் போடாத. மாட்டி முடிச்சுட்டாங்கன்னா அப்பறம் என்னத்தப் பேசுவாங்க?" என்றார்.

எனக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது. இனி எதற்குப் பேசாமல் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மாட்டினார்கள். மாமா அடியில் படுத்து டேங்கைத் தூக்கிப் பிடிக்க, சின்ன மாமா மேலே டிக்கிக்குள் குனிந்து, டேங்கின் கழுத்தை ரப்பர் குழாய்க்குள் செலுத்தினார். அது சரியாகப் பொருந்தவே இல்லை. "இன்னுங் கொஞ்சம் மேல. சித்தெ இந்தப் பக்கம். ஒரு நூலு. பஸ், பஸ், அப்படியே புடிங்கண்ணா." பஸ் என்றால் போதும், அதற்குள் நானும் கற்றுக்கொண்டிருந்தேன். பிறகு அவரும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார், பட்டைகளை இறுக்க. எல்லாம் முடிந்து வெளியே வந்து பெட்ரோல் ஊற்றி, அடியில் புதுச் செய்தித்தாள் விரித்துக் காத்திருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. கார் ஒரே திருகலில் கிளம்பியது.

சின்ன மாமா இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணா, ஒரு ரவுண்டு" என்றார்.

மாமா கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு துடைத்தும் போகாத கறுப்பு. "கையெல்லாம் அழுக்கா இருக்குது. நாளைக்குப் பாக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மிணியக் கூட்டிட்டுப் போ" என்றார்.

நான் குதித்து ஏறி உட்கார்ந்தேன். வேறென்ன செய்வேன்? அந்தக் காரில் ஏற வந்த நாளிலிருந்து ஆசை. ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் போகும்போது காற்று தலைமுடியை எல்லாம் பிய்த்தது. பேக்கரி வாசனை ஒரு பக்கம், தோல் செருப்புக் கடை வாசனை ஒரு பக்கம், ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டுச் சிரித்தார்கள். ராணி போல உட்கார்ந்திருந்தேன்.  திரும்பி வந்தபோது மாமா கேட்டருகே நின்றிருந்தார். குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். "ஒழுகல" என்றார். உள்ளே போய்விட்டார். அந்த ஸீட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் முதுகு கூசுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா காரைக் கிளப்பினார். இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குளிக்கப் போகவில்லை, அது ஒரு முன்னேற்றம். ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சின்ன மாமா கதவைச் சாத்திக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறும் திறந்து வைத்தார். அப்புறம் எப்போதோ திறப்பதை விட்டுவிட்டார்.

கோபம் என்று சொல்ல முடியாது. எதிரே பார்த்தால் நின்றார்கள். "டேங்க் எப்படிடா இருக்குது?" "நல்லா இருக்குதுங்கண்ணா." அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை இருவருக்கும். அத்தனை வருஷம் பேசாமலிருந்தவர்களுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லையோ என்னவோ. டேங்க் மறுபடியும் ஒழுகியிருந்தால் ஒரு பேச்சு வந்திருக்கும். அது ஒழுகவே இல்லை. அவ்வளவு நன்றாக மாட்டிவிட்டார்கள். ஒருநாள் மாமா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, பின்னாடி மோட்டர் போட்டாச்சான்னு கேட்டுட்டு வா" என்றார். அத்தை சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

சில வருஷங்களில் அந்த பங்களா கட்டடக்காரர் கைக்குப் போனது. எங்களுக்குப் பாணேரில் ஃபிளாட் அமைந்தது. சின்ன மாமா, வேலையில் கூட இருந்த ஒரு நண்பரின் குடும்பத்துக்குப் பக்கத்தில் விமான் நகர் போய்விட்டார். புனே தெரிந்தவர்களுக்கு அந்தத் தூரம் தெரியும். ஊருக்கு ஒரு கோடி இது, மறு கோடி அது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட இருமலும் இல்லாமல் போனது. விமான் நகரில் காரை நிறுத்த இடமில்லை. மும்பையிலிருந்து பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மாமாவிடம் நான்தான் சொன்னேன். "பட்டைக்குக் கீழ ரப்பர் வெச்சிருக்குதுன்னு வாங்குனவங்ககிட்டச் சொன்னானான்னு கேளு" என்றார். அதற்காக விமான் நகருக்குப் போன் போட்டுக் கேட்டேன். சொல்லிட்டேன்னு சொல்லிரு அம்மிணி என்று பதில் வந்தது.

சின்ன மாமா போனது அதற்கப்புறம் அதிக நாள் கழித்து இல்லை. காலையில் எழுந்திருக்கவில்லை என்று அந்த நண்பர் போன் செய்தார். என் வீட்டுக்காரர் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோதே மாமா கீழே இறங்கிப்போய் ஆட்டோவில் ஏறிவிட்டார். நாங்கள் போனபோது தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் கொள்ளி வைத்தார். திரும்பி வரும் வழியில், யெரவடா பாலத்தின் மேல், "நேரத்துக்கு வந்துட்டேன் இல்ல கண்ணு?" என்று கேட்டார். வந்துட்டீங்க மாமா என்றேன்.

இப்போது மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. பங்களா இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு துணிக்கடை. நாலு மாடி. கொட்டகை இருந்த இடம் எது என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்ப்பேன், பிடிபடுவதில்லை. என் மகளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அண்ணனும் தம்பியும் பேசிய அந்தக் கொங்கும் மராத்தியும் கலந்த தமிழை அவளுக்குப் பேசிக்காட்டப் பார்த்தேன். என் வாயில் அது நாடகம் போல இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். டேங்க் மாட்டிய அன்று, பட்டைகளை இறுக்கி முடித்த பிறகும் இரண்டு பேரும் உடனே வெளியே வரவில்லை. ஸ்பேனர் சத்தம் நின்று வெகு நேரமாகியிருந்தது. காருக்கு வெளியே நான்கு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அத்தை டீ எடுத்துக்கொண்டு போனவர், பாதி வழியில் நின்று, அப்படியே திரும்பி வந்தார். நான் தட்டை வாங்கிக்கொண்டு போகப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாத. பேசிக்கிட்டிருக்காங்க."

"டீ ஆறிருமே அத்தை."

"ஆறட்டும்."

சமையலறை ஜன்னலருகே நின்றோம். குரல் கேட்டது. மாமாவின் குரல் நீளமாக, பிறகு சின்ன மாமாவுடையது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடியும் மாமா. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. நான் இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். அத்தை மெதுவாக ஜன்னலைச் சாத்தினார்.

என்ன பேசினார்கள் என்று அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இனிக் கேட்க யாரும் இல்லை.